கூறைச் சேலையில் மண்

பதினொரு வயதில் எனக்கு உயிர் பிழைக்கத் தெரியும் என்பதற்கு ஒரு சான்றிதழே இருந்தது. பம்பலப்பிட்டியில் நான் படித்த பள்ளிக்கூடத்துச் சாரணியர் குழு தந்தது. ஐந்து வகை முடிச்சுப் போடுவேன், கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிப்பேன், நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்வேன். நாங்கள் இருந்த வெள்ளவத்தையில் திசை சொல்ல நட்சத்திரம் எதற்கு? கடல் இருக்கிற பக்கம் மேற்கு. ஆனாலும் சட்டையில் குத்திய சின்னத்தோடு வீட்டில் நான் காட்டிய எடுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அப்போது மாமியும் எங்களோடு இருந்தார். அப்பாவின் தங்கை. யுத்தம் முடிந்து முகாமிலிருந்து விட்டதும், அப்பா போய்க் கூட்டிவந்திருந்தார். மாமா வன்னியில் ஷெல்பட்டு இறந்துபோனார். மாமியிடம் மிஞ்சியது ஒரு பயணப் பை. அதிகம் கதைக்கமாட்டார். இடி இடித்தால் சுவரோடு ஒட்டி இருந்துகொள்வார். மாமிக்கு மனம் சரியில்லை என்று அம்மா யாருக்கோ போனில் குசுகுசுத்ததை நான் கேட்டிருந்தேன்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் காலையில் பிடித்த மழை விடவேயில்லை. மதியத்துக்குள் கால்வாய் நிரம்பி, வீட்டு வாசலில் ஓடும் ஒழுங்கைக்குள் தண்ணீர் ஏறியது. எங்களுடையது கீழ்வீடு. அம்மாவும் அப்பாவும் கந்தோரில் வேலையில். தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும், சான்றிதழ் பெற்ற நான் சோபாவில் ஏறி நின்று அழுதேன்.

மாமி ஒன்றுதான் கேட்டார். "பிள்ளை, உரப்பை கிடக்கோ?"

கொழும்பு வீட்டில் உரப்பைக்கு எங்கே போவது! மாமி அலுமாரியைத் திறந்தார். அம்மா வீட்டில் உடுத்துகிற நூல்சேலைகளை உருவிக் கிழித்து, தையல் மெஷினில் மூன்று பக்கமும் ஓட்டிப் பைகளாக்கினார். பக்கத்துக் காணியில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். "மல்லி, மல்லி" என்று, தம்பி என்பதற்கான, தனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லால் வேலையாட்களைக் கூப்பிட்டு, மிச்சத்தைக் கையால் கதைத்து மண் கேட்டார். அவர்களும் சிரித்துக்கொண்டே அள்ளித் தந்தார்கள். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. வெட்கத்தில் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

மூட்டைகள் வாசலை அடைத்தன. ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு மூட்டை குறைந்தது. மாமி அறைக்குள் போனார், சரிகை போட்ட ஒரு கூறையோடு திரும்பினார். கல்யாண அல்பத்தில் அம்மா உடுத்திருந்த அதே அரக்கு நிறம். கத்தரிக்கோல் உள்ளே போனதும் நான் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, மாமிக்கு விசர் பிடிச்சிட்டுது! உங்கட கல்யாணக் கூறையை வெட்டுறா!"

மாமி எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். கை ஒரு கணம் நின்றது. பிறகு மெஷினைச் சுற்றத் தொடங்கினார்.

அம்மா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். எதிர்வீட்டார் கதிரைகளை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் நிலம் ஒரு சொட்டு ஈரமில்லாமல் கிடந்தது. அம்மா அதைக் கவனிக்கவேயில்லை.

"வீட்டில உடுத்துறது போகட்டும், என்ர கூறையுமோ மச்சாள்? பிள்ளை சொன்னது சரிதான், உங்களுக்கு விசர்தான்!" ஒழுங்கைக்கே கேட்டது.

மாமி கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "உங்கட கூறை அலுமாரிக்குள்ள பத்திரமாக் கிடக்கு மச்சாள். இது என்ர."

அம்மா அப்படியே நிலத்தில் குந்தி அழுதார். அம்மாவுக்காவது அழ வந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "தேத்தண்ணி போடட்டோ மாமி?" என்றேன். "ஓம்" என்றார். அந்தத் தேத்தண்ணியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

தண்ணீர் வடிந்தபின் அம்மா அந்தக் கூறைத் துண்டை மூன்று தரம் தோய்த்தார். சேற்றுக்கறை போகவில்லை.

நான் வளர்ந்தபின்தான் அப்பா மிச்சத்தைச் சொன்னார். வன்னியில் பதுங்குகுழியைச் சுற்றி அடுக்கச் சனங்கள் சேலைகளைத்தான் மண்மூட்டையாகத் தைத்தார்களாம். மாமியும் இருந்ததெல்லாம் தைத்தாராம். கூறையை மட்டும் மனம் வராமல் வைத்துக்கொண்டாராம். அங்கேயும் ஓர் ஓரத்தில் ஒரு மூட்டை குறைந்ததாம். அந்த ஓரத்தில்தான் மாமா படுத்திருந்தாராம்.

வெள்ளம் வந்த அன்று எனக்கு விளங்கியதெல்லாம், அம்மாவின் கூறை தப்பிவிட்டது என்பது மட்டும்தான்.