லொட்டும் என் சைக்கிளும்

எங்கள் வட்டக்கச்சிப் பக்கத்தில் யாருக்காவது ஆங்கிலக் கடிதம் வந்தால் அதை என்னிடம் கொண்டுவருவது வழக்கம். காரணம் என் அறிவு அல்ல, என்னிடம் இருந்த அகராதி. அதன் முன்பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. ‘ஏ’யில் தொடங்கும் சொல்லை யாராவது கேட்டால் எனக்கு உடனே மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வேலை வந்துவிடும். மற்றப்படி பெரிய பண்டிதர் என்றுதான் என் நினைப்பு.

எண்பத்திரண்டில் ஒரு காலை, பக்கத்துக் காணிக்காரர் வாசல் படலையில் நின்று கூப்பிட்டார். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு ஓடிவந்து, காடு வெட்டிக் குடியேறியவர். ஐந்து வருடம் பாடுபட்டும் அந்தக் காணிக்கு அவரிடம் ஒரு துண்டுப் பத்திரம் இல்லை. கையில் காணிக் கந்தோரிலிருந்து, அதுதான் காணி அலுவலகத்திலிருந்து, வந்த ஆங்கிலக் கடிதம். பாய்ந்து வாங்கினேன். ‘லொட்’ (lot) என்ற சொல் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், எனக்குப் பேய் பிடித்துவிட்டது.

“இந்தச் சின்னச் சொல்லுக்குள்ளை என்ன கிடக்கு எண்டு தெரியுமே உங்களுக்கு?”

“இல்லைங்கய்யா, நான் வந்தது…”

“முதல்லை இருங்கோ!”

கதிரையில் இருத்திவிட்டுத் தொடங்கினேன். ஆதியில் வெள்ளைக்காரனுக்கு அது ஒரு மரத்துண்டு. பங்கு பிரிக்க ஆளுக்கொரு துண்டைப் போட்டுக் குலுக்கி எடுப்பானாம். அப்படி விழுந்த பங்கும் லொட், காணியும் லொட், ஒருவனின் தலைவிதியும் லொட். ஏலத்தில் கூறுகட்டிய சாமானும் அதுதான். கூறுகள் சேர்ந்து குவிந்ததால் ‘நிறைய’ என்ற பொருளும் வந்தது என்று நானாகவே ஒன்றைச் சேர்த்துவிட்டேன். அந்தக் காரணம் அகராதியில் இல்லை.

அவர் கதிரை நுனியில் இருந்து தலையாட்டினார். படித்தவர் கதைக்கும்போது எழும்பினால் மரியாதையில்லை என்று வளர்ந்த மனிதர். நான் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். குசினியிலிருந்து மனைவி வந்தாள்.

“இஞ்சாருங்கோ, அவர் என்னத்துக்கு வந்தவர் எண்டு கேட்டனீங்களே?”

கேட்டேன்.

“கடிதத்த நானே வாசிச்சிட்டேங்க. தோட்டத்து ஆபீசுல பத்து வருசம் வேலை பார்த்தவன்தானுங்களே. ஒம்பது மணிக்கு விசாரணை. பஸ் வரலை. அதான் சைக்கிள் கேக்கலாம்னு…”

மணி எட்டரை. காது சுட்டது. வராவிட்டால் காணி வேறு ஆளுக்கு என்று கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. அந்த வரிக்கு நான் வந்தே சேரவில்லை.

அவரைக் கரியரில் ஏற்றி நானே உழக்கினேன். கொஞ்ச தூரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. பிறகு அவர் உழக்க, நான் பின்னால், கையோடு கொண்டுவந்த அகராதியைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன். நான் இறங்கிவிட்டால் அவர் இன்னும் வேகமாகப் போவார் என்ற எண்ணம் இந்த மண்டைக்குள் வரவேயில்லை.

கிளிநொச்சிக் கந்தோரில் அவருடைய பெயரை இரண்டு தரம் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். ஏன் பிந்தியது என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. காணிக்காரர் முன்னால் வந்து, மன்னிக்க வேண்டும், பஸ் வரவில்லை என்று சின்ன வசனத்தில், நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. விசாரணையை முடித்து அதிகாரி காணிப் பத்திரத்தை நீட்டினார். அவர் கையொப்பம் வைத்துவிட்டு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஐயோ, இந்த மனிதரின் காணியையல்லவா கதிரையில் இருந்து தின்னப் பார்த்தேன் என்று எனக்கு அழுகை வந்தது.

சில மாதம் கழித்து அவர் மறுபடி சைக்கிள் கேட்டு வந்தார். கையில் ஒன்றுமில்லை. சட்டைக்குள் மடித்து ஒளித்த கடிதத்தின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சாவியைக் கொடுத்தேன்.