ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு குடம்

மாடி வீட்டில் யாரோ எவர்சில்வர் குடத்தைக் கைதவற விட்டுவிட்டார்கள். படிக்கட்டு முழுக்க ணங் ணங்கென்று உருண்டு வந்து என் வாசலில் நின்றது. குடம்தானே, எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார வேண்டியதுதானே? நான் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த வயதில் குடத்தின் சத்தத்துக்குப் பயப்படுகிறவள் இந்தத் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். பிளாட் போட்டு விற்கிறவர்களுக்கான படங்கள். வெறும் கருவேலங்காட்டை வைத்துக்கொண்டு, இங்கே வில்லா வரப்போகிறது என்று நம்பவைக்க வேண்டும். சுவர் வந்துவிடும், புல்தரை வந்துவிடும், ஜன்னல்தான் வராது. கண்ணாடி வெறும் நீலமாக, நேற்றைய மீனின் கண்போல முழிக்கும். கண்ணாடிக்கென்று சொந்த முகம் ஏது? எதிரே எதையாவது கொடுத்தால்தான் அதைக் காட்டும். கம்ப்யூட்டரோடு வந்த ஏதோ ஒரு படத்தைக் கொடுத்தேன். திருச்சுழி அருகே வரப்போகிற வில்லாவின் ஜன்னலில் பனிமலை தெரிந்தது.

"ஏம்மா, இந்த மலை நம்ம லேஅவுட்டுக்குக் கெழக்கயா மேக்கயா?" என்று கேட்டார் அண்ணாச்சி. நிலம் விற்கிறவர், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். கூட வேலை பார்த்த ஜமால், வீரசோழன் ஊர்க்காரன், சும்மா இருப்பானா? "பிளாட்டு வாங்குனா கம்பளி ஃப்ரீயா அண்ணாச்சி?" என்றான். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

சரி, அந்த இடத்தின் வானத்தையே பிடித்து வரலாமென்று கேமராவோடு கிளம்பினேன். பளபளப்பான உருண்டை ஒன்றை வைத்துப் படமெடுத்தால் சுற்றியிருக்கிற அத்தனையும் அதில் விழும். அதைக் கம்ப்யூட்டரில் விரித்துக் கொடுத்தால் ஜன்னலுக்கு உயிர் வரும் என்று படித்திருந்தேன். உருண்டைக்கு எங்கே போவது? காலி நிலம் என்று அண்ணாச்சி சொன்ன இடத்தில் ஓர் ஓட்டு வீடு இருந்தது. ஒரு வேம்பு, நாலு ஆடு. வாசலில் அந்த வீட்டுக்காரி பாண்டியம்மா அக்கா குடம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"கொடத்தயா போட்டா புடிக்கப் போற? என்னய விட அது அழகா இருக்கோ?"

"அதுக்குள்ள நீங்களும் விழுவீக அக்கா."

"அப்ப இரு, தல சீவிட்டு வாரேன்."

சீவிக்கொண்டு வந்து குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். குடத்தின் வயிற்றில் வானம், வேம்பு, வீடு, இடுப்பில் கைவைத்து அவள், ஓரத்தில் குரங்குபோலக் குனிந்து நான். (என்னை மட்டும் அன்றே அழித்துவிட்டேன். அழகுணர்ச்சி.)

அன்று என் ஜன்னல்கள் கண்திறந்தன. செவக்காட்டு வெயில் கண்ணாடியில் வழிந்தது. அந்தப் பெருமையில் மற்றது எதுவும் தெரியவில்லை. பத்தடி ஃப்ளெக்ஸ் அடித்து ரோட்டோரம் கட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது: மாடி ஜன்னலுக்குள் ஓட்டு வீடு, வாசலில் இடுப்பில் கைவைத்தபடி பாண்டியம்மா அக்கா. கீழே கொட்டை எழுத்தில், வில்லங்கமில்லாத காலி நிலம்.

அண்ணாச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

"கண்ணாடிக்குள்ள நிக்கிறது யாரும்மா?"

தெரியாது என்றேன்.

"தொடச்சி விட்ரு. மூலப் படமும் வேணாம்." பிறகு நலம் விசாரிக்கிற குரலில், "பந்தல்குடி ரோட்டுல டீக்கடை வச்சிருக்கது ஒங்க அப்பாதான? காலையில ஒத்தையிலதான் கடை தெறக்காரு, பாத்தேன்."

அவர் பார்க்கப் பார்க்க அழித்தேன். வேப்பங்கிளையை இழுத்து அவள்மேல் போர்த்தினேன். ஆனால் கேமராவின் குட்டி மெமரி அட்டையில் அந்தப் படம் அப்படியே இருந்தது. சொல்ல வாய் வரவில்லை, அழிக்கக் கை வரவில்லை. பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பைக் ஒன்று வேகம் குறைத்தால் போதும், அப்பாவுக்குப் போன் போடுவேன். "ஏத்தா, இப்பத்தான பேசுன? பாலு பொங்குது, வையி" என்பார்.

இரண்டு வாரம் கழித்துப் பாண்டியம்மா அக்கா மாடியேறி வந்தாள். பொக்லைன் வைத்து வீட்டை இடித்துவிட்டார்களாம்.

"அங்கன வீடே இருந்ததில்லங்கிறாக தாயி. போட்டா ஒண்ணு இருந்தாப் போதும்ங்கிறாரு வக்கீலு. நீ கொடத்துல புடிச்சியே, அது இருக்கும்ல?"

கீழே எட்டிப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அது அண்ணாச்சியுடையதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அழிச்சிட்டேன்க்கா."

அந்த வில்லா கட்டப்படவே இல்லை. பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். மஞ்சள் அடித்த பிளாட் கற்களைக் கருவேலம் மூடிவிட்டது, வேம்பும் இல்லை. ஜமால் சவுதிக்குப் போனான். அப்பா போனார், கடையும் போனது. இனி யாருக்காகவும் பயப்பட வேண்டியதில்லை என்றான பிறகு அட்டையைத் தேடி எடுத்துக் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்தேன். இது செத்துப்போய் வருசமாச்சு என்று திருப்பித் தந்தார்கள். நரிக்குடி வரைக்கும் விசாரித்தேன். பாண்டியம்மா அக்கா எங்கே போனாளென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அழித்துவிட்டேன் என்று நான் சொன்ன அன்று அவள் சண்டை போடவில்லை. மடியில் பர்ஸை அழுத்திக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தாள்.

"மொகம் இப்பிடி வாடிக் கெடக்கு. காலையில எதும் சாப்புட்டியா இல்லையா? மொதல்ல சாப்புடு தாயி. நான் வாரேன்."