அட்டையில் வெய் லான் மட்டும்

எழுத்தாளர் வெய் லான் காலமான செய்தி வந்தபோது, பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சீனப் பொறியாளருக்கும் நம் ஆட்களுக்கும் நடுவே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அவர் மகள் அனுப்பியிருந்த இரண்டே வரிகள். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன்.

ஜோகுபாளையம் வாசகர் வட்டத்தில் அவரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனைவியின் கோபத்தைக் கதையாக்கத் துணிந்த முதல் சில சீனப் பெண்களில் அவர் ஒருவர். வீட்டை விட்டுப் போன கதாநாயகி திரும்பி வரட்டும் என்று பத்திரிகைகள் கதையைத் திருப்பி அனுப்பும். அவர் ஒரு எழுத்தும் மாற்றாமல் மறுபடி அனுப்புவார். மகளோடு இங்கே தங்கியிருந்த இரண்டு வருடத்தில் அந்தக் கதைகளைத் தமிழில் கொண்டுவந்தது என் வாழ்நாள் பெருமை.

வட்டத்தில் கோலார் தங்கவயல் மேரி அக்கா ஒரு கதையின் நாயகியைப் பற்றி ஒருமுறை நேராகவே கேட்டார்: "இன்னா இருந்தாலும் புள்ளைய வுட்டுட்டுப் போனது தப்பு தானம்மா?"

நான் சீனத்தில் சொல்லக் கேட்டு வெய் லான் தலையசைத்தார். "தப்புதான். தெரிந்துதான் போனாள்."

தப்பு நானும் செய்தேன். சீனப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரோடே இருப்பார்கள் என்று தெரிந்தும், நம் ஊருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அட்டையில் அவர் கணவர் பெயரையும் சேர்த்து 'வெய் லான் சென்' என்று அச்சிட்டுவிட்டேன். மறுநாள் காலை வெளியீடு. அட்டையைப் படித்துக் காட்டியதும் வெய் லான் 'சென்'னை எடுக்கச் சொன்னார். அடுகோடி அச்சகத்துக்காரர், "ஒரு பேருதானே மேடம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார்.

வெய் லான் குரலை உயர்த்தவில்லை. "என் கதைகளில் வீட்டை விட்டுப் போனவர்கள் தங்கள் பெயரோடுதான் போனார்கள். இந்தப் பெயரோடு நான் மேடை ஏற மாட்டேன்."

அன்று மதியம் முழுக்க முந்நூறு பிரதிகளிலும் 'சென்'னின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினோம். எழுபது வயதில் அவரும் தரையில் உட்கார்ந்து ஒட்டினார். ஒட்டும்போது அட்டையின் கீழே இருந்த வரி அவர் கண்ணில் பட்டது. தமிழில்: ஸ்டெல்லா மனோகர். படித்துச் சொல்லச் சொன்னார்.

"மனோகரும் மொழிபெயர்த்தாரா?"

எனக்குச் சுருக்கென்றது. கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்வது எங்கள் வழக்கம் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. ஒரு துண்டுத் தாளை மட்டும் வெட்டி என் கையில் கொடுத்தார். அன்று நான் அதை ஒட்டவில்லை. பர்சில் வைத்துக்கொண்டேன்.

இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. இதில் என் பெயர் மட்டும் இருக்கட்டும் என்று நேற்று தயங்கித் தயங்கி மனோகரிடம் சொன்னேன். "அந்தம்மா கேட்டது சரிதானே, நான் ஒரு வரிகூட படிக்கலையே" என்றார்.

துண்டுத் தாள் இன்னும் பர்சில்தான் இருக்கிறது. இனி அதற்கு வேலையில்லை.

ஸ்டெல்லா