சில்வர் பெயிண்ட் அடித்த ஆன்டெனா

சாட்டிலைட் இணையக் கருவிகளை மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. பழைய துறைமுகத்தில், மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணி ஒன்றின் தண்டல் கூப்பிட்டார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். ஆன் செய்த இரண்டு நிமிடத்தில் சாட்டிலைட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கருவி, இப்போது முக்கால் மணி நேரம் தேடுகிறதாம், பிடித்தாலும் நிற்பதில்லையாம்.

"நாளைக்கு வெள்ளனக் கிளம்புதோம் அண்ணாச்சி. நாளக் கழிச்சு மகளுக்கு பிளஸ் டூ ரிசல்ட்டு" என்றார். போன வருடம் அவள் கணக்கில் தவறிவிட்டாள். தோணியில் அப்போது இந்தக் கருவி இல்லாததால் விஷயம் தெரியாமல் இவர் மாலத்தீவில் பரிசாக ஒரு வாட்ச் வாங்கி வந்து, வாசலிலேயே அவளிடம் நீட்டியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனக்குப் பொறுமை மட்டு. கேபிளை மாற்றினேன், மோடத்தை மாற்றினேன், மென்பொருளைத் திரும்ப ஏற்றினேன். அலுவலகத்துக்குப் போன் போட்டு, எடுத்தவரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். "புதுசா எதையாவது மாத்துனீங்களா?" என்று நாலு தடவை கேட்டேன். ஒன்றுமே மாற்றவில்லை என்று நாலு தடவையும் மொத்தத் தோணியும் சத்தியம் செய்தது.

வெயிலில் தலை சுற்ற, ஆன்டெனாவை மூடியிருந்த உருண்டை மூடியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை முழுக்க வெள்ளி நிறம் ஒட்டியது.

"இது என்ன தண்டல்?"

"சில்வர் பெயிண்ட்டு அண்ணாச்சி. தோணிக்கு அடிச்சதுல மிச்சம் கிடந்துச்சு. உப்புக்காத்து பட்டு வீணாப் போவுதேன்னு ரெண்டு கோட்டு அடிச்சு விட்டேன். பளபளன்னு இருக்குல்லா?"

இருந்தது. காலையில் ஏறியதுமே நானும் அதைப் பாராட்டியிருந்தேன்! அலுமினியத் தூள் கலந்த பெயிண்ட். வருகிற சிக்னலில் பாதிக்கு மேல் அதுவே விழுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்புத் தாங்காமல் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் தண்டலின் முகம் தொங்கிப்போய், பிறகு அவரும் சிரித்தார். தின்னரும் பழந்துணியுமாகப் பொழுது சாயும்வரை தேய்த்தோம். ஆன் செய்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பச்சை விளக்கு எரிந்தது.

ரிசல்ட் அன்று காலை அலுவலகத்தில் இருந்தேன். வீடியோ அழைப்பு வந்தது. திரையில் தண்டல், அவருக்குப் பின்னால் நடுக்கடல். மனுஷன் அழுதுகொண்டிருந்தார். இந்தத் தடவையும் போச்சா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து தோணியாட்கள், "பாஸு அண்ணாச்சி, பாஸு!" என்று கத்தினார்கள். நானும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினேன்.

"அவளே சொன்னா அண்ணாச்சி" என்றார் தண்டல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எங்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்தாளாம். அவ அம்மைக்கே இன்னும் தெரியாது."