ஆறு நிமிட அமைதி யாருடையது?

அலமாரி அக்காவின் வானொலி நிலையம் மூன்றடிக்கு நாலடி. படுக்கையறைச் சுவரில் பதித்த துணி அலமாரி. தொங்கும் குளிர்கோட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, பதினோரு வருடமாக அவற்றுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறார். பஸ் ஓட்டும் கணவர் ஒரு கோட்டை உருவிக்கொண்டு போனால் அக்காவின் குரல் லேசாகக் கிணற்றுக்குள் இறங்கும். "அத்தான் டூட்டிக்குக் கிளம்பிட்டாரு" என்று நேயர்கள் தெரிந்துகொள்வார்கள்.

கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தவருக்கு முதலில் கிடைத்தது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும் வேலை. குடியேற்ற அலுவலகத்தில் எந்த விண்ணப்பத்தை எந்தக் கவுண்டரில் கொடுப்பது, எந்த அதிகாரி இன்று கடித்துக் குதறுகிறார் என்பதைத் தன்னோடு வேலைசெய்த நாலு பெண்களுக்குச் செல்போனில் பேசி அனுப்பினார். நாலு நானூறானது. நானூறு இணைய வானொலியானது. விளம்பரம் வந்ததும் போர்வை போனது. பாட்டுப் போட உரிமை கிடையாது. அதனால் எல்லாமே பேச்சு.

ஆனால் தினமும் மாலை நாலு பத்துக்கு அந்தப் பேச்சு நின்றுவிடும். சரியாக ஆறு நிமிடம்.

ஏன்? தியானம் என்றார் ஒருவர். ஊரை நினைத்து அழுகிறார் என்றார் இன்னொருவர். காபி என்றார் விவரமானவர். கேட்டால் அக்கா சிரிப்பார்.

இந்த நேரத்தில் நகரத்தின் பெரிய வானொலி, மாலையில் ஒரு மணி நேரம் தருவதாகச் சொன்னது. கார் ரேடியோவைத் திருகினாலே கிடைக்கும் நிஜ அலைவரிசை. அக்காவின் பதினோரு வருட ஆசை. ஒரு வாரம் கேட்டுப் பார்ப்பார்கள். பத்து விநாடிக்கு மேல் சத்தமில்லாமல் போனால் வாய்ப்பு போச்சு.

அக்கா மாடி ஏறினார். அங்கே ஓய்வுபெற்ற நர்ஸம்மா, ஈரக்கையோடு கதவைத் திறந்தார்.

"நாலு பத்துக்கு நீங்க வாஷிங் மெஷின்ல துணி பிழியறீங்கல்ல? என் அலமாரியே குலுங்குதும்மா. அதான் தினமும் மைக்கை அணைச்சுடறேன். ஒரு வாரம் மட்டும் வேற நேரம் பாத்துக்கக் கூடாதா?"

நர்ஸம்மா ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா இருக்கே கதை. நாலு பத்துக்கு நீ வாயை மூடறதாலதானே நான் அப்போ போடறேன். மெஷின் ஓடினா ரேடியோ கேக்காது. கையால துவைச்சு வெச்சுட்டு, நீ எப்போ நிறுத்துவேன்னு காத்துக்கிட்டு இருக்கேன்."

முதலில் நிறுத்தியது யார்? இருவருக்கும் நினைவில்லை.

மறுநாள் மெஷின் ஓடவில்லை. நாலு பத்துக்கு அக்கா பேசினார். உடனே போன் அலறியது.

"அக்கா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே பேசறேன்?"

"அதான் கேக்கறேன்."

டாக்ஸிக்காரர் ஒருவர் கோபமாகவே இருந்தார். "அந்த ஆறு நிமிஷம்தான் நானும் வீட்டுக்காரியும் போன்ல சண்டையில்லாம பேசறது. அதையும் எடுத்துக்கிட்டீங்களே."

வாரம் முழுக்க இதே கதை. கேட்டுக்கொண்டிருந்த பெரிய வானொலியின் தமிழ்ப் பிரிவு அதிகாரி கடைசி நாளன்று ஒப்பந்தத்தோடு வந்தார். "நாலு பத்து நிகழ்ச்சியையும் சேர்த்துக் குடுத்துடுங்க. அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க."

"அது வெறும் அமைதிங்க. உங்க பத்து விநாடிச் சட்டம்?"

"நிகழ்ச்சின்னு பேர் வெச்சுட்டா சட்டம் ஒண்ணும் பண்ணாது."

"என் ஒருத்தியோடது இல்லை. மாடியில கேட்டுட்டுச் சொல்றேன்."

நர்ஸம்மா பொறுமையாகக் கேட்டார். "தாராளமா குடு. ஆனா நீ ஸ்டூடியோல போய் உக்காந்துட்டா, எப்போ நிறுத்தணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க மெஷினைப் போடறப்போ போன் பண்ணுங்க."

"நீ நிறுத்தினாத்தானேடி நான் போடுவேன்?"

இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்கள். முடிவு என்ன என்பது வெளியே தெரியவில்லை. ஒப்பந்தத்தில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறது என்பது மட்டும் தெரியும். இரண்டாவது கையெழுத்து ஈரம் பட்டுக் கலைந்திருக்கிறது.