எம் பேர எழுதிக்குங்க: இணைய வானொலி ஜமீலா

கும்மிடிப்பூண்டி நிலையத்தில் மீஞ்சூர் போகும் மின்சார ரயிலுக்காக நின்றிருந்தபோது ஜமீலாவின் கணவர் காதர் பாயிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் பின்னால் யாரோ அழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஏழுமலை, ஜமீலா மவுத்தாயிட்டா" என்றார். விடிந்ததும் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. வந்த ரயிலில் நான் ஏறவில்லை.

நண்பர்களே, உங்களில் பலர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. சவூதியில், குவைத்தில், ஏதோ ஒரு கப்பலில் இருந்துகொண்டு, "பழவேற்காட்டுலேருந்து ஜமீலா பேசறேன்" என்று தொடங்கும் குரலைக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் அவர் பேசியது பழவேற்காட்டிலிருந்து அல்ல, அது அவர் பிறந்த ஊர். பேசியது கும்மிடிப்பூண்டி பஜாரில், கணவர் காதர் பாயின் பிரவுசிங் சென்டருக்கு மேல் இருந்த ஒற்றை அறையிலிருந்து. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். அப்படியும் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகளின் சத்தம் உள்ளே வரும். லாரி கடந்து போகும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருந்து, விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார். நான் பகலில் ஓர் இரும்பு உருட்டாலையில் தரம் பார்க்கும் வேலை, மாலையில் அவருடைய இணைய வானொலிக்குக் கம்ப்யூட்டர் வேலை. பிராட்பேண்ட் வந்த புதிது அது.

அவருடைய சாச்சா, சித்தப்பா முறை, கிளாரினெட் வாசிப்பவர். அவர் வாசித்த கேசட்டுகள் ஊரெல்லாம் ஓடின, அவருக்குக் கிடைத்தது ஒரு வேளை பிரியாணிதான். அதனால் வானொலி தொடங்கும் முன்பே, இசை உரிமை வாங்காமல் ஒரு பாட்டும் போடக் கூடாது என்று ஜமீலா உறுதியாக இருந்தார். "பாடனவனுக்கும் வவுறு கீது சார்" என்பார். ஆண்டுக்கு ஒரு தொகை என்று உரிமைக்காரர்கள் முதலில் கேட்டார்கள். இரண்டு நகைக்கடை விளம்பரம், ஒரு டிராவல்ஸ் விளம்பரத்தில் வந்ததை வைத்துக் கட்டினோம்.

பிறகு கட்டண விகிதம் மாறியது. சென்னையிலிருந்து, உரிமைக்காரர்களின் அலுவலகத்தில் இருந்து ஒருவர் போனில் சொன்னார். இனிமேல் ஆண்டுத் தொகை கிடையாது. ஒவ்வொரு பாட்டுக்கும், அதைக் கேட்கும் ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். கடந்த மாதங்களுக்கும் சேர்த்துத்தான். கட்டாவிட்டால் வழக்கு, கம்ப்யூட்டர் பறிமுதல். ஜமீலா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எஃப்எம்காரங்களுக்கு இப்படி இல்லியே சார். அவங்கள ஊரே கேட்டாலும் ஒரே ரேட்டு. நம்மள ஒரு ஆளு அதிகமா கேட்டா, அதுக்கு ஒரு ரேட்டா?"

அன்றிலிருந்து எங்களுக்குக் கேட்பவர்களே பயமாகிப் போனார்கள். திரையின் மூலையில், அந்த நேரத்தில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற எண் ஓடிக்கொண்டிருக்கும். முன்பு அது ஏறினால் டீ வாங்கிக் குடிப்போம். இப்போது அது ஏறும்போதெல்லாம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று கணக்குப் போட்டோம். காதர் பாய் அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவரே அதைத் தூக்கிப் பார்ப்பார். மின்சாரம் போனால் அறையில் ஒரு நிம்மதி பரவும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த இருட்டில்தான் மூவரும் சரியாக மூச்சு விட்டோம். கீழே தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் போலீஸோ என்று மாடிப்படிக்குப் போய் எட்டிப் பார்ப்போம். வெளியூரில் எங்களைப் போலவே வானொலி நடத்திவந்த ஒருவரின் இயந்திரங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். என் ஆலையில் தெரிந்தால் என் வேலை என்னாகும் என்று நான் வேறு தனியாகப் பயந்துகொண்டிருந்தேன்.

நோன்புப் பெருநாள் வந்தது. காலையிலிருந்தே எண் ஏறிக்கொண்டே போனது. காதர் பாய் பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்துவிட்டார். "ஏறுதுடி, ஏறுது. கடைய வித்தாலும் கட்ட முடியாது. கதவ சாத்து." ஜமீலா என்னைப் பார்த்துச் சரி என்று தலையசைத்தார். குறிப்பிட்ட அளவுக்கு மேல் யாரும் உள்ளே வர முடியாதபடி நான் அடைத்தேன்.

சற்று நேரத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். வளைகுடாவில் ஒரு லேபர் கேம்ப்பிலிருந்து பேசிய ஆரம்பாக்கத்துக்காரர். "இன்னாக்கா, எனக்கு மட்டும் உள்ள வுட மாட்டேங்குது? பக்கத்து ரூம்ல பாடுது. நா இன்னா தப்பு பண்ணேன்?"

"வரும் தம்பி, இரு" என்று சொல்லி ஜமீலா போனை வைத்தார். என் பக்கம் திரும்பி, "தொறந்து வுடுங்க சார்" என்றார். காதர் பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஜமீலா விடவில்லை. "இன்னாங்க, பாட்டு போடறவ ஆளு வரக் கூடாதுன்னு துவா கேக்கறதா? நாளைக்கு மெட்ராஸ் போயி அந்த ஆபீஸ்லயே கேக்கலாம்."

பெருநாள் முடிந்த மறுநாள் அவரும் நானும் ரயிலேறினோம். மீஞ்சூர் தாண்டியதும், "பயமா கீது சார். எறங்கித் திரும்பிடலாமா?" என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருவரும் இறங்கவில்லை.

அந்த அலுவலகத்தில் இருந்தவர் கெட்டவர் அல்ல. மரியாதையாக உட்காரச் சொன்னார். "கட்ட முடியலன்னா மூடிடுங்கம்மா. நிறைய பேர் மூடிட்டாங்க" என்றார்.

"மூடறேன் சார். மூடனா பாடனவருக்கு இன்னா கெடைக்கும்?"

அவர் எதிரே இருந்த கோப்பைப் புரட்டினார்.

"சும்மா குடுங்கன்னு கேக்க வரல. எங்களுக்கு வர்ற காசுல ஒரு பங்கு எடுத்துக்குங்க. பெருசா வந்தா பெருசா எடுங்க. ஆளுக்கு ஒரு ரேட்டுன்னா, எங்கள கேக்கற ஆளப் பாத்தே நாங்க பயப்படறோம் சார். எந்த ரேடியோவாவது அப்படிப் பொழைக்குமா?"

விகிதத்தை மாற்றும் அதிகாரம் தனக்கில்லை, மேலே சொல்கிறேன் என்றார் அவர். அதுவரை பாட்டு ஓடினால் யார் மீது வழக்குப் போடுவது, பொறுப்பு யார் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். ஜமீலா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "எம் பேர எழுதிக்குங்க. இவுரு இல்ல, எங்க ஊட்டுக்காரரும் இல்ல. நான்தான்."

அதன் பிறகு வந்த மாதங்களை அவர் எப்படிக் கழித்தார் என்பதை அருகில் இருந்தவர்களே அறிவோம். இரண்டு புடவையும் மாத்திரைகளும் வைத்த ஒரு பை எப்போதும் தயாராக இருந்தது. சிறைக்குப் போக வேண்டிவரும் என்று உண்மையாகவே நம்பினார். பேசத் தொடங்கும் முன் மைக்கை அணைத்துவிட்டு இருமுவார், குரல் நடுங்கக் கூடாதே என்று. நீங்கள் கேட்டது அந்த இருமலுக்குப் பிறகு வந்த சிரித்த குரலைத்தான்.

வெளியூர்களில் இருந்த சிறிய வானொலிக்காரர்கள் பலரும் இதையே கேட்டிருக்கிறார்கள். கடைசியில் அந்த அலுவலகக்காரரிடமிருந்து போன் வந்தது. சின்ன நிலையங்களுக்கு வருமானத்தில் பங்கு போதும், பழைய பாக்கியைத் தவணையில் கட்டலாம் என்றார். ஜமீலா அவரை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். "பயம் போச்சாம்மா?" என்று கேட்டேன். "எங்க சார் போவுது? கொஞ்சம் தள்ளி ஒக்காந்துகினு கீது" என்றார்.

கடைசித் தவணை வரை கட்டி முடித்தார். பழவேற்காட்டில் அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது காதர் பாய் வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "லைசென்ஸ் அவ பேர்ல கீது. இந்த மாசம் புதுப்பிக்கணும். இன்னா பண்றது?" என்றார். அடுத்த முறை என்ன விகிதம் கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. பழைய விகிதமே திரும்பி வரலாம் என்கிறார்கள். வீட்டில் என் மனைவி, உங்கள் பேரில் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

நேற்று சென்னைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் இப்போது இருப்பது என் பெயர். ஜமீலாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த ஓர் இடத்தைத்தான். அங்கே நிற்கப் பயமாக இருக்கிறது. நாளைக் காலை பாட்டு வரும், கேளுங்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் வாருங்கள்.