அண்ணி செய்து பார்க்காத குறிப்பு

தலையில் மிளகாய் அரைப்பது என்பார்களே, என் அண்ணி என் தலையில் அரைக்காதது அந்த மிளகாய் ஒன்றைத்தான். மற்றதெல்லாம் ஆகிவிட்டது. முட்டையின் வெள்ளைக்கரு, ஆறிப்போன டீத்தண்ணீர், புளித்த தயிர், எலுமிச்சைத் தோல், ஒரு தடவை தோல் கறுத்த வாழைப்பழம். அந்த வாழைப்பழம் முடிக்குள் புகுந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் சீப்பும் கையுமாகக் கத்திக்கொண்டிருக்க, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்: "இது சரிப்பட்டு வரலை. யாருக்கும் சொல்லக்கூடாது."

அதுதான் அண்ணி. தன் வீட்டில் செய்து பார்க்காத எதையும் அடுத்த வீட்டுக்குச் சொல்ல மாட்டாள். வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினால் கண் எரியாது என்று ஊரெல்லாம் சொல்கிறதே, அண்ணி அதையும் செய்து பார்த்தாள். கண்ணும் எரிந்தது, என்னைப் பார்த்துச் சிரித்ததில் வாயிலிருந்த தண்ணீர் முழுக்க வெங்காயத்தின் மேலும் விழுந்தது. அடிபிடித்த பாத்திரத்தில் சோடா உப்பும் தண்ணீரும் போட்டுக் கொதிக்கவிட்டால் கருகல் தானாகக் கழன்று வரும் என்பதைக் கண்டுபிடிக்க, நல்ல பாத்திரம் ஒன்றை வேண்டுமென்றே தீய்த்தவள் அவள். உப்புக்கறை படிந்த குழாய்க்கு வினிகரில் நனைத்த துணி, நாற்றமடிக்கும் ஷூவுக்குள் காயவைத்த டீத்தூள் பை, வெடித்த குதிகாலுக்கு கிளிசரின் தடவி மேலே சாக்ஸ். குதிகால் என் அண்ணனுடையது. முடி என்னுடையது. வீட்டில் வேறு ஆள் கிடையாது.

என் முடியைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான், ஆனாலும் சொல்வேன். பின்னிப் போட்டால் இடுப்பைத் தாண்டும். தையல் கடையில் மெஷின் முன்னால் உட்காரும்போது பின்னலைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்ளாவிட்டால் சக்கரத்தில் சிக்கும். கடைக்கு வருகிற பெண்கள் துணிக்கு அளவு கொடுப்பதை விட்டுவிட்டு, தலைக்கு என்ன தேய்க்கிறாய் என்று கேட்பார்கள். அந்தப் பெருமையில் பாதி அண்ணிக்குச் சேரவேண்டியது என்று வெளியில் ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வந்ததில்லை.

வீட்டில் அண்ணி வாயைத் திறந்தால் அண்ணன் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வான். நான் "ஐயோ அண்ணி, இப்ப வேணாம்" என்பேன். ஒரு நாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கேக்காம சொன்னா அதுக்குப் பேரு தொணதொணப்பு. கேட்டு சொன்னா யோசனை. எனக்குக் கேக்கறதுக்கு ஆளு வேணும், அவ்வளவுதான்," என்றாள்.

கேட்பதற்கு ஆள் வந்தார். எங்கள் கடைக்குச் சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர், வானொலி நிலையத்தில் நிகழ்ச்சி அதிகாரி. போட்டிருந்த சட்டையின் பையில் பேனா மை ஒழுகிப் பூவாகப் பரவியிருந்தது. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அண்ணி அவர் கையில் தேய்த்துக்கொள்ள வைத்திருந்த சானிடைசரை வாங்கினாள், பைக்குள் ஒரு பழைய துணியைச் செருகினாள், ஒற்றி ஒற்றி எடுத்தாள். தேய்க்கவே இல்லை. அதிகாரி குனிந்து தன் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். மை இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது.

"எங்ககிட்ட வீட்டுக்குறிப்பு சொல்லிட்டிருந்த அம்மா பொண்ணு வீட்டோட போயிட்டாங்க. புதன்கிழமை ஒரு தடவை வந்து பேசிப் பாருங்க. நேயர்கள் போன்ல கேப்பாங்க, நீங்க பதில் சொல்லணும். நல்லா போச்சுன்னா வாராவாரம் உங்களுக்குத்தான்."

அன்றிலிருந்து புதன்கிழமை வரைக்கும் அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குக்கரை அணைத்துவிட்டு அணைத்தோமா என்று கேட்பாள். அண்ணன் அவளுக்கு ஒரு புதுக் கைப்பை வாங்கிவந்து, என்னத்துக்கு என்று சொல்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனான். எனக்கே உள்ளூர ஒரு பரபரப்பு. கடைக்கு லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனேன்.

ஒலிபரப்பு அறை எங்கள் சமையலறையைவிடச் சின்னது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த பலகை. ஒரு மேசை, இரண்டு மைக், கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. மூலையில் எனக்கு ஒரு நாற்காலி. அதிகாரி சிகரெட்டை விட்டவராம், எந்நேரமும் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். மென்றுகொண்டே அண்ணிக்குச் சட்டம் சொன்னார்.

"எது கேட்டாலும் ஏதாவது பதில் சொல்லிடுங்க. தெரியாதுன்னு மட்டும் மைக்ல சொல்லிடாதீங்க. சும்மாவும் இருக்காதீங்க. சத்தம் நின்னா கேக்கறவங்க வேற ஸ்டேஷனுக்குப் போயிடுவாங்க."

அண்ணி தலையாட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அடடா, அண்ணியை அன்றைக்குப் பார்த்திருக்கவேண்டும். வெள்ளைச் சட்டைக் காலர் அழுக்குக்கு என்ன செய்வது என்று ஒரு அம்மா கேட்டார். தலைக்குப் போடுகிற ஷாம்புவைத் தடவிக் கொஞ்சம் ஊறவிடச் சொன்னாள். தலை அழுக்கும் காலர் அழுக்கும் ஒன்றுதானே என்று காரணமும் சொன்னாள். ஒருவர் ஃப்ரிட்ஜ் வாடையைக் கேட்டார், ஒரு பெண் முகத்தில் எண்ணெய் வழிவதைக் கேட்டாள். பதில் எல்லாம் வரிசை கட்டி நின்றதுபோல வந்தது. முதலில் நடுங்கிய குரல் நிமிர்ந்துவிட்டது. அதிகாரி எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அப்போது அந்த அழைப்பு வந்தது. ஒரு ஆண் குரல். பின்னால் ஒரு குழந்தை விக்கி விக்கி அழுகிற சத்தம்.

"மேடம், என் பொண்ணு தலையில சூயிங்கம் ஒட்டிக்கிச்சு. காதுக்கு மேல, நல்லா உள்ள. அவ அம்மா வெளியூர்ல வேலை பாக்கறாங்க, ஞாயித்துக்கிழமை வர்றாங்க. அம்மாகிட்ட காட்டணும்னு ஆசையா வளக்கற முடி. வெட்ட விடமாட்டேங்கறா. நான் கத்திரிக்கோலோட நிக்கறேன். என்ன பண்ணட்டும்?"

அண்ணி வாயைத் திறந்தாள். மூடினாள்.

எங்கள் வீட்டில் குழந்தை கிடையாது. சூயிங்கம் யாரும் மெல்வது கிடையாது. சோபாவில் ஒட்டினால் ஐஸ் வைக்கலாம் என்று எதிர்வீட்டுக்காரி சொல்லிக் கேட்டிருக்கிறோம், அவ்வளவுதான். அதையே சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? சொல்லுங்க அண்ணி, சொல்லித் தொலைங்க என்று நான் மனசுக்குள் மன்றாடினேன். அதிகாரி மணிக்கட்டைச் சுழற்றி 'பேசுங்க, பேசுங்க' என்று ஜாடை காட்டினார்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள் அண்ணி, மைக்கில்.

அதிகாரி நெற்றியில் கை வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"செஞ்சு பாத்ததில்லை. ஆனா லைன்லயே இருங்க, கத்திரிக்கோலைக் கீழ வைங்க. இப்பவே செஞ்சு பாத்துடுவோம்," என்றாள் அண்ணி. கண்ணைத் திறந்தால் அவள் பார்வை என் பின்னலின் மேல் இருந்தது.

"அண்ணி, வேணாம்," என்றேன். அதுவும் ஒலிபரப்பாகிவிட்டது.

"சார், உங்ககிட்ட சூயிங்கம் இருக்கா?"

அதிகாரி திகைத்துப்போய் வாயைக் காட்டினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அந்நிய மனிதரின் எச்சிலைத் தலையில் வாங்க நான் தயாராக இல்லை. நல்லவேளை, சட்டைப் பையில் பிரிக்காத பாக்கெட் ஒன்று வைத்திருந்தார். அண்ணி ஒன்றை எடுத்து வாயில் போட்டு அவசர அவசரமாக மென்றாள். வீட்டுக்குறிப்பு நேரத்தில் ஊர் முழுக்க அந்த மெல்லும் சத்தம் கேட்டது.

நான் அப்படியே வெளியே போயிருக்கலாம். கதவு இரண்டே எட்டில் இருந்தது. ஆனால் அந்தக் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அண்ணி என் தோளில் கை வைத்தபோது அந்தக் கை சில்லென்று இருந்தது. அவளுக்கும் பயம்தான். கட்டாயப்படுத்தவில்லை, சும்மா என்னைப் பார்த்தாள்.

"ஒட்டுங்க," என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.

காதுக்கு மேல், நல்லா உள்ளே, அந்தக் குழந்தைக்கு எப்படியோ அப்படியே ஒட்டி அழுத்தினாள். அதிகாரி கதவைத் திறந்து கேன்டீன்காரரைக் கூப்பிட்டு ஐஸும் சமையல் எண்ணெயும் கொண்டுவரச் சொன்னார். பேச்சு நிற்கக்கூடாது என்பது அவர் சட்டம் அல்லவா, அவரே மைக்கைப் பிடித்துக்கொண்டார். போகப் போகப் பந்தயத்துக்கு வர்ணனை சொல்கிற குரல் வந்துவிட்டது அவருக்கு.

"இப்ப ஐஸ் வைக்கிறாங்க. சூயிங்கம் கல்லு மாதிரி ஆயிடுச்சு. உடைக்கிறாங்க, ஒரு துண்டு வந்துடுச்சு..."

"ஆ," என்றேன் நான்.

"ஐஸ் வேண்டாம் தம்பி," என்று அண்ணி மைக் பக்கம் குனிந்தாள். "முடியும் சேந்து அறுந்து வருது. குழந்தைக்கு வலிக்கும். கேட்டுட்டிருக்கறவங்களும் ஐஸை மறந்துடுங்க. அது சோபாவுக்கு."

அடுத்து எண்ணெய். உள்ளங்கை நிறைய ஊற்றி அந்த இடத்தில் தடவி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெதுவாகப் பிசைந்தாள். காது வழியாகக் கழுத்துக்கு வழிந்தது, என் நல்ல உடுப்பு பாழாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் எண்ணெய், மறுபடியும் பிசைந்தாள். "அவசரப்பட்டு இழுத்துடாதீங்க தம்பி, அது வர்றப்போ வரட்டும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போனில் அந்த அப்பாவும் எண்ணெய் எடுத்துவிட்டார். அழுகைச் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. அண்ணியின் விரல் சட்டென்று நின்றது.

"வழுக்குது," என்றாள்.

அந்த நேரம் பார்த்துச் சிவப்பு விளக்கு அணைந்தது. செய்தி நேரம். செய்தியை யாராலும் நிறுத்த முடியாதாம். அதிகாரி நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தார். நிகழ்ச்சி முடிந்துவிட்டது, முடிவு தெரியாமலேயே. வாராவாரம் என்று சொன்னதும் அதோடு போயிற்று என்று எனக்குப் பட்டது. அண்ணி விளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைக்கைத் தள்ளிவிட்டு, எண்ணெய்க் கையோடு டெலிபோனை எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டு என் தலையைத் தொடர்ந்தாள்.

"தம்பி, வேரைப் பிடிச்சுக்கிட்டு நுனிப் பக்கமா உருவுங்க. இழுக்காதீங்க, உருவுங்க. எனக்கு வருது. உங்களுக்கு வருதா?"

என் தலையிலிருந்து அது முழுசாகக் கழன்று வந்தது. பிசுபிசுவென்று, சாம்பல் நிறத்தில், பார்க்கவே அருவருப்பாக. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. டெலிபோனில் அந்த மனிதர் ஏதோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல் சிரித்தார்.

அதே நேரம் மற்ற லைன்கள் அலற ஆரம்பித்தன. அதிகாரி ஒன்றை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். எல்லோருக்கும் ஒரே கேள்வி. அந்தக் குழந்தை முடி வந்ததா இல்லையா? பேருந்துக்காரர் ஒருவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்கிறாராம், பயணிகள் இறங்க மாட்டேன் என்கிறார்களாம். ஒரு அம்மா, "அந்த நாத்தனார் இருக்காங்களா, ஓடிட்டாங்களா?" என்று கேட்டாராம். இருக்கேன்னு சொல்லுங்க என்றேன்.

செய்தி முடிந்ததும் போடவேண்டிய இசைத்தட்டை அதிகாரி எடுத்து ஓரமாக வைத்தார். சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.

"நேயர்களே, முடி தப்பிச்சுது," என்றார். "இங்கயும் தப்பிச்சுது, அங்கயும் தப்பிச்சுது. குழந்தையே லைன்ல இருக்கா."

"ஆன்ட்டி," என்றது ஒரு சின்னக் குரல், இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வெட்டலை. ஆனா தலை பூரா எண்ணெய். அது எப்படிப் போகும்?"

அண்ணி பதில் சொல்வதற்குள் அதிகாரி மைக்குக்குள் பாய்ந்தார். "அதுக்குப் பதிலை அடுத்த புதன்கிழமை, இதே நேரம், நம்ம வீட்டுக்குறிப்பு அம்மா சொல்லுவாங்க. இனிமே ஒவ்வொரு புதன்கிழமையும் அவங்கதான்."

நான் அண்ணியின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டேன். வாராவாரம். ஊரே கேட்க, அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அண்ணியோ அவரை முறைத்தாள்.

"அதுவரைக்கும் புள்ள எண்ணெய்த் தலையோட உக்காந்திருக்குமா சார்?" என்று மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கண்ணு, தலையை நனைக்காதே. தண்ணி படறதுக்கு முன்னாடி, காஞ்ச தலையிலயே ஷாம்புவைப் போட்டு அப்பாவை நல்லா தேய்க்கச் சொல்லு. அப்புறம்தான் தண்ணி."

குழந்தை விடுவதாக இல்லை.

"நீங்க செஞ்சு பாத்திருக்கீங்களா ஆன்ட்டி?"

அண்ணியிடம் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை, நாங்களும்தான். அவள் கண்ணைத் துடைக்கப் போய் கன்னமெல்லாம் எண்ணெயாக்கிக்கொண்டாள்.

"பாத்திருக்கேன் கண்ணு," என்றாள். "எதுவா இருந்தாலும் என் நாத்தனார் தலையிலதான் மொதல்ல பாப்பேன்."